அந்த ஏணியை மட்டும் தொடாதீங்க!

கிறிஸ்தவ உலகின் மகா புனிதமான கட்டடத்துக்கு 2012-ல் ஒரு பெரிய சோதனை வந்தது. சாத்தான் அனுப்பியதல்ல, தண்ணீர் கம்பெனி அனுப்பியது.

ஜெருசலேமில் இருக்கும் திருக்கல்லறைத் தேவாலயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இயேசு அறையப்பட்ட இடம், அடக்கம் செய்யப்பட்ட இடம், உயிர்த்தெழுந்த இடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதாக நம்பப்படும் கோயில். பல வருஷமாக அங்கே யாரும் தண்ணீருக்குக் காசு கட்டவில்லை. 'சாமி இடத்துக்கு என்ன பில்லு' என்று பழைய நகர நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டிருந்தது. பின்னால் வந்த கம்பெனி கணக்கு நோட்டைப் புரட்டியது. பாக்கி சுமார் 90 லட்சம் ஷெக்கல்! கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தலைமைப் பீடத்தின் பேங்க் அக்கவுன்ட் முடக்கப்பட்டது. 'அப்படியானால் கோயிலையே இழுத்துப் பூட்டிவிடுவோம்' என்றார்கள் இவர்கள். மரணத்தையே ஜெயித்தவரின் கல்லறை, மீட்டர் ரீடிங்கில் மாட்டிக்கொண்டது.

'ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்ட வேண்டியதுதானே' என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு இந்த இடத்தின் வரலாறு தெரியாது என்று அர்த்தம். இங்கே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எதையாவது செய்து முடிக்கச் சராசரியாக ஒரு தலைமுறை ஆகும்.

ஏனென்றால் ஓனர்கள் மொத்தம் ஆறு பேர். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனியர், கத்தோலிக்கர் தரப்பில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஆகிய மூவரும் பெரும்பங்கு. காப்டிக், எத்தியோப்பியர், சிரியாக் ஆகிய மூவரும் சிறுபங்கு. தாத்தா உயில் எழுதாமல் போன வீட்டில் ஆறு பங்காளிகள் சேர்ந்து குடியிருந்தால் எப்படி இருக்கும்? அதேதான். என்ன, இங்கே தாத்தா போய் ஆயிரத்தெழுநூறு வருஷம் ஆகிறது.

அந்தத் தாத்தா, ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன். கி.பி. 326 வாக்கில் அவர் ஜெருசலேம் பிஷப் மக்காரியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகத்திலேயே இதைப்போல இன்னொன்று இருக்கக்கூடாது, தூணா, பளிங்கா, என்ன வேண்டுமோ கேளுங்கள் என்று அள்ளிவிட்டவர், ஒரு விஷயத்தில் மட்டும் பிஷப்பின் அபிப்பிராயம் கேட்கிறார். கூரைக்கு உள்பக்கம் பலகை அடிக்கலாமா? அடித்தால் அதற்குத் தங்க முலாம் பூசலாமே? ஆம், பாதி உலகத்தை ஆண்டவருக்கு ஃபால்ஸ் சீலிங் கவலை.

அதே 326-ல்தான் அவர் தன் மூத்த மகன் கிரிஸ்பஸைக் கொல்ல உத்தரவிட்டார். கொஞ்ச நாளில் மனைவி ஃபௌஸ்டாவும் காலி. வீட்டில் இத்தனை களேபரம் நடந்த பிறகு, எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மா ஹெலனா புண்ணிய யாத்திரை கிளம்பினார் என்றால் யார்தான் ஆச்சரியப்படுவார்கள்? அந்த யாத்திரையில் அவர் தோண்டச் சொல்லி, இயேசுவின் சிலுவையே கிடைத்தது என்பது ஐதீகம். ஆனால் யாத்திரையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதிய யூசிபியஸ் என்கிற சமகாலத்து பிஷப், அம்மா சிலுவையைக் கண்டெடுத்ததாக மூச்சே விடவில்லை. அவ்வளவு பெரிய நியூஸை மிஸ் பண்ணிய ரிப்போர்ட்டர் அவராகத்தான் இருக்கும்.

335-ல் கோயில் பிரதிஷ்டை ஆனது. 614-ல் பாரசீகர்கள் வந்து கொளுத்தினார்கள். மறுபடி கட்டினார்கள். 638 வாக்கில் ஜெருசலேம் அரபுகளிடம் வந்தபோது, கலீஃபா உமரை பிஷப் சொஃப்ரோனியஸ் மரியாதையாக அழைத்து, 'இங்கேயே தொழுகை செய்யுங்களேன்' என்றாராம். உமர் மறுத்துவிட்டார். 'நான் இங்கே ஒரு தடவை தொழுதால், பின்னால் வருபவர்கள் அதைச் சாக்காக வைத்து இதை மசூதியாக்கிவிடுவார்கள்' என்றாராம். இந்த மண்ணில் ஒரு தடவை மண்டியிட்டாலே பட்டா கேட்பார்கள் என்று வந்த அன்றைக்கே புரிந்துகொண்டவர் அந்த ஒரு மனிதர்தான். அங்கேயே குடியிருந்த யாருக்கும் இவ்வளவு தெளிவு இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லா கலீஃபாக்களும் உமராக முடியுமா? 1009-ல் கெய்ரோவில் அல்-ஹாகிம் என்று ஒருவர் இருந்தார். முலூக்கியா என்கிற கீரையைத் தின்னக்கூடாது என்று சட்டம் போட்டவர். பெண்கள் வெளியே போகாமலிருக்க, அவர்களுக்குச் செருப்புத் தைக்கக்கூடாது என்று செம்மான்களுக்கு உத்தரவிட்டவர். அந்த வரிசையில், திருக்கல்லறைக் கோயிலை இடிக்கவும் சொன்னார். கல்லறைப் பாறையையே வெட்டினார்கள். 1021-ல் ஒருநாள் ராத்திரி கழுதை மேலேறி ஊருக்கு வெளியே உலாவப் போனார் ஹாகிம். கழுதை கிடைத்தது, கலீஃபா கிடைக்கவில்லை.

பைசாந்திய ராஜாக்கள் காசு போட்டு 1048-ல் கொஞ்சம் நிமிர்த்தினார்கள். சிலுவைப் போர்க்காரர்கள் 1099-ல் ஊரைப் பிடித்து, அரை நூற்றாண்டு கட்டி, 1149-ல் விழா எடுத்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் முகப்பு இவர்களுடையது. 38 வருஷத்தில் ஸலாவுத்தீன் வந்து ஊரை எடுத்துக்கொண்டார். கோயிலை இடித்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். உமரே இடிக்காததை நான் ஏன் இடிக்க வேண்டும் என்று அவர் விட்டுவிட்டார்; முகப்பின் இரண்டு வாசலில் ஒன்றுக்கு மட்டும் கல் வைத்து அடைப்பு. மிச்சமிருந்த ஒரு வாசலின் சாவிதான் சுவாரசியம்.

கிறிஸ்தவர்களில் யார் கையில் கொடுத்தாலும் மற்றவர்களை வெளியே வைத்துப் பூட்டிவிடுவார்கள் அல்லவா? அதனால் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம், ஜூதே குடும்பம். சாவியை வாங்கிக் கதவைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம், நுஸைபே. இன்றைக்கும் தினமும் அப்படித்தான். மேல்பூட்டு உயரத்தில் இருப்பதால், உள்ளேயிருக்கும் துறவி கதவின் சின்னத் துவாரம் வழியாக ஒரு ஏணியை நீட்டுவார். வெளியே இருப்பவர் ஏறித் திறப்பார். இதில் ஸலாவுத்தீன் எங்களிடம் கொடுத்தார் என்று ஒரு குடும்பமும், அதெல்லாம் உமர் காலத்திலேயே எங்களிடம் வந்துவிட்டது என்று மற்றொரு குடும்பமும் சொல்கின்றன. சண்டையைத் தவிர்க்க வெளியாளைக் கொண்டுவந்தால், சூழ்நிலை அவர்களையும் தொற்றிக்கொண்டது.

இந்தக் கதவு ஏணி உழைக்கும் ஏணி. புகழ்பெற்ற ஏணி வேறு. முகப்பை அண்ணாந்து பாருங்கள். மேல்மாடத்தின் வலதுபக்க ஜன்னலுக்குக் கீழே, விளிம்பின் மேல் ஒரு சின்ன மர ஏணி சாய்ந்து நிற்கும். பெயின்ட் அடிக்க வந்தவர் மறந்துவிட்டுப் போனதுபோல. 1728-ல் வரைந்த படத்திலும் அது நிற்கிறது. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று ஆளுக்கொரு கதை. எடுத்து உள்ளே வைக்கலாம்தான். ஆனால் எடுப்பது யார்?

இங்கேதான் இந்தக் கோயிலின் மூலமந்திரம் வருகிறது. 1852-ல் உஸ்மானிய சுல்தான் அப்துல்மஜீத் ஒரு ஃபர்மான் போட்டார். அப்போது கத்தோலிக்கர்களுக்காக பிரான்ஸிலிருந்து லூயி நெப்போலியனும், ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்காக ரஷ்யாவிலிருந்து ஜார் நிக்கலஸும் சுல்தானைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பக்தி எவ்வளவோ, பந்தாவும் அவ்வளவு. பாவம் சுல்தான், யார் பக்கம் சாய்ந்தாலும் அடி. 'இன்றைக்கு யார் யார் கையில் என்னென்ன இருக்கிறதோ, அது அப்படியே இருக்கட்டும்' என்று முடித்துவிட்டார். ஸ்டேட்டஸ் கோ! நம் ஊர் சிவில் கோர்ட்டில் தினமும் கேட்கிற அதே சொல். கோர்ட்டிலாவது அடுத்த வாய்தா வரைக்கும்தான். இது வாய்தாவே இல்லாமல் நடக்கிறது. (ஜார் சமாதானமாகவில்லை. அடுத்த வருஷமே கிரிமியப் போர். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பல லட்சம் பேர் கையில் துப்பாக்கியோடு அலைந்த ஒரு போரின் காரணப் பட்டியலில், எந்தப் புனித இடம் யார் கையில் என்பதும் ஒன்று.)

இந்த ஸ்டேட்டஸ் கோவில் ஒரு உள்விதி உண்டு. ஒரு கூரையை ரிப்பேர் செய்யும் உரிமை உனக்கு இருக்கிறதென்றால், அந்தக் கூரை உன்னுடையது. ஒரு தரையைப் பெருக்குகிறாய் என்றால், அந்தத் தரையில் உனக்கு உரிமை இருக்கிறது. விளக்கு மாட்டினால் ஆணி அடித்த சுவர் கைமாறிவிடும். ஆகவே இங்கே துடைப்பம் என்பது பத்திரம். சிமென்ட் மூட்டை என்பது படையெடுப்பு. உலகத்தில் மற்ற இடங்களில் ரிப்பேர் செலவை அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இங்கே 'நான்தான் செலவு செய்வேன்' என்று சட்டையைப் பிடிக்கிறார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 1901 நவம்பரில் முற்றத்தில் பெரிய கைகலப்பு. ஒரு பக்கம் பிரான்சிஸ்கன், மறுபக்கம் கிரேக்கர். முற்றத்தைப் பெருக்குவது கிரேக்கர். ஓரத்தில் இருக்கும் சின்னச் சேப்பலுக்கு ஏறும் படிகளைப் பெருக்குவது பிரான்சிஸ்கன். பிரச்னை, அந்த அடிப்படி. முற்றத்துத் தரையைவிடக் கொஞ்சமே உயரம். அது படியா, தரையா? வேதாகமத்தில் இதற்கு விடை இல்லாததால் கல்லும் கட்டையும் பேசின. பல துறவிகளுக்குக் காயம். 'உன் கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு' என்பது வீட்டுக்குள். படிக்கட்டுக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

இப்படி ஒரு நிர்வாகம் இருந்தால் கட்டடம் என்ன ஆகும்? 1808-ல் ஆர்மீனியர் பகுதியில் பிடித்த தீ, வட்ட மண்டபத்தின் குவிமாடத்தையே கல்லறை மேல் தள்ளியது. யார் வைத்த தீ என்று சண்டை போடுகிற நேரத்தில், கிரேக்கர்கள் சுல்தானிடம் ஓடிப்போய் ரிப்பேர் பெர்மிட் வாங்கிவிட்டார்கள். அசகாய சூரர்கள்! அந்தப் புதுப்பிப்பில்தான், சிலுவைப் போர் நாயகர்கள் காட்ஃப்ரே, பால்ட்வின் ஆகியோரின் சமாதிகள் காணாமல் போயின. இயேசு முள்முடி சுமந்த ஊரில் நான் பொன்முடி தரிக்க மாட்டேன் என்று ராஜபட்டத்தைத் துறந்தவர் காட்ஃப்ரே. கடைசியில் கல்லறையையும் துறக்கும்படி ஆனது.

1927-ல் நிலநடுக்கம். பிரிட்டிஷ் ஆட்சி வில்லியம் ஹார்வி என்கிற கட்டடக்கலை நிபுணரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னது. நிலைமை படுமோசம் என்று 1930-களில் அவர் அறிக்கை கொடுத்தார். ஓனர்கள் மூவரும் அறிக்கையைப் படித்தார்கள். இடிந்து விழும் என்பதில் மூவருக்கும் ஒருமித்த கருத்து. யார் முட்டுக்கொடுப்பது என்பதில் மூன்று கருத்து. கடைசியில் அரசாங்கமே வந்து சாரம் கட்டியது. 1947-ல், மூட்டையைக் கட்டிக் கிளம்புவதற்கு முந்தின வருஷம், கல்லறை மண்டபத்தைச் சுற்றி இரும்பு கர்டர் அடித்து இறுக்கிவிட்டுப் போனது. தற்காலிக ஏற்பாடு. எழுபது வருஷம் இருந்தது. கல்லை உருட்டிவிட்டு வெளியே வந்தவரின் கல்லறை, ரயில்வே பாலம் மாதிரி கம்பிக்குள் நின்றது.

இதற்கு நடுவில் 1949-ல் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு அற்புதமான பிளான் வெளியானது. பார்லூட்ஸி, மரங்கோனி என்று இரண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. யோசனை ரொம்ப சிம்பிள். இருப்பதை இடித்துவிடலாம். சுற்றியுள்ள பழைய வீடுகளையும் சேர்த்து இடித்துவிடலாம். நடுவில் பிரம்மாண்டமாக ஒரு புதுக் கோயில், அதற்குள் ஒவ்வொரு சபைக்கும் தனித்தனி ஆலயம். மற்ற பங்காளிகள் இதைப் பார்த்ததும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எனக்கென்னவோ, இந்த இடத்தைக் காப்பாற்றியதே இவர்களின் சண்டைதான் என்று படுகிறது. ஒற்றுமையாக இருந்திருந்தால் எப்போதோ இடித்து, கிரானைட் பதித்து, லிஃப்ட் வைத்திருப்பார்கள்.

பங்கே கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? புராட்டஸ்டன்ட்காரர்களுக்கு இந்தக் கோயிலில் ஒரு மாடக்குழி கூடக் கிடையாது. 1883-ல் பிரிட்டிஷ் ஜெனரல் கார்டன் ஜெருசலேமில் வந்து தங்கினார். மகா வீரர், சீனத்தில் பெரும் கலகத்தை அடக்கப் படை நடத்தியவர். ஊர் மதிலுக்கு வெளியே ஒரு குன்றைப் பார்த்தார். மண்டையோடு மாதிரி தெரிந்தது. 'கபாலஸ்தலம்' என்று வேதத்தில் இருக்கிறதல்லவா, அப்படியானால் இதுதான் கல்வாரி என்று தீர்மானித்துவிட்டார். பக்கத்திலேயே ஒரு பழைய கல்லறையும் இருந்தது வசதியாகப் போயிற்று. 1894-ல் ஆங்கிலேயர்கள் சங்கம் அமைத்து அந்தத் தோட்டத்தை விலைக்கே வாங்கினார்கள். அமைதியான, பூச்செடிகள் நிறைந்த இடம். இன்றும் கூட்டம் போகிறது. கார்டனின் ஆராய்ச்சித் திறமை பற்றிச் சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். இதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் ஸெஷெல்ஸ் தீவுகளுக்குப் போயிருந்தார். ஏதேன் தோட்டம் அங்கேதான் இருந்தது என்று கண்டுபிடித்துவிட்டு வந்தார். விலக்கப்பட்ட கனி, அங்கே விளையும் இரட்டைத் தேங்காய்.

சரி, பழைய கோயிலுக்கு வருவோம். 1959-ல் ஒரு வழியாக மூன்று பெரிய பங்காளிகளும் ரிப்பேர் செய்யலாம் என்று சம்மதித்தார்கள். தூண் மாற்றினார்கள், சுவர் கட்டினார்கள், ஆச்சரியமாக வேலை நடந்தது. வட்ட மண்டபத்தின் கூரை வந்ததும் வண்டி நின்றது. உள்பக்கம் என்ன வரைவது? ஒருவர் கேட்கும் படம் இன்னொருவருக்கு ஆகாது. சாரம் பாட்டுக்கு நின்றது. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு டிசைனைப் பிடித்தார்கள். நடுவிலிருந்து பன்னிரண்டு பொன் கதிர்கள். சாமி படம் எதுவுமே கிடையாது. 1997-ல் திறந்து வைத்தார்கள். கான்ஸ்டன்டைன் கேட்ட தங்கக் கூரை, 1,670 வருஷம் தாமதமாக டெலிவரி ஆனது.

அதற்காகத் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2004-ல் ஒரு கதவு திறந்திருந்ததற்கு அடிதடி. 2008-ல் ஊர்வலத்தின் நடுவே ஆர்மீனியர்களும் கிரேக்கர்களும் அங்கியோடு புரண்டார்கள். கலவரத் தடுப்பு போலீஸ் உள்ளே வந்து பிரித்தது. யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். தாடி ஒரு தற்காப்புக் குறைபாடு என்பது விளங்கும்.

2015 பிப்ரவரியில் இஸ்ரேல் போலீஸ் வந்து கல்லறை மண்டபத்தைச் சில மணி நேரம் மூடியது. 'எந்நேரமும் விழும், ஆபத்து' என்றது. இது ஒரு மாயாஜாலம் செய்தது பாருங்கள். நூற்றாண்டுகளாக ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள், நான்காவதாக ஒருத்தன் பூட்டுப் போட வந்ததும் ஒன்றாகிவிட்டார்கள். அடுத்த வருஷமே ஒப்பந்தம். ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் அன்டோனியா மொரோபூலு தலைமையில் குழு வந்தது. 2016 அக்டோபரில் கல்லறை மேலிருந்த பளிங்குப் பலகையை நகர்த்தினார்கள். சில நூற்றாண்டுகளாக யாரும் பார்க்காத சுண்ணாம்புப் பாறை கீழே இருந்தது. காரையைச் சோதித்ததில், கான்ஸ்டன்டைன் காலத்தையொட்டி, நான்காம் நூற்றாண்டு என்று வந்தது. இத்தனை தீ, இத்தனை கடப்பாரை, இத்தனை பங்காளிகள் எல்லாவற்றையும் தாண்டிப் பூசின பூச்சு அங்கேயே இருந்தது. கொத்தனார் பெயர் மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அபிப்பிராயம் கேட்ட சக்கரவர்த்தியின் கடிதம் பத்திரமாக இருக்கிறது.

2017 மார்ச்சில் கம்பியைக் கழற்றினார்கள். 2022-ல் தரைக் கல்லைப் பெயர்த்துச் சரி செய்யவும் ஆரம்பித்தார்கள். யார் எந்தப் படியைப் பெருக்குவது என்று அடித்துக்கொண்டவர்கள், சேர்ந்து தரையையே தோண்டினார்கள்! மனம் நெகிழ்ந்து கைதட்டப் போகிறீர்கள் என்றால், ஒரு நிமிஷம், மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

மாடியில் எத்தியோப்பியத் துறவிகள் மண் குடிசை போன்ற சின்னச் சின்ன அறைகளில் வாழ்கிறார்கள். அது எங்கள் மாடி என்பது காப்டிக் துறவிகளின் வாதம். 1970-ல் ஈஸ்டர் ராத்திரி, காப்டிக்காரர்கள் கீழே பூஜையில் இருந்த நேரம் பார்த்து எத்தியோப்பியர்கள் மாடிக் கதவுகளின் பூட்டை மாற்றிவிட்டார்கள். தங்கள் பாத்தியதையை விட்டுவிடக்கூடாது என்று காப்டிக் தரப்பு, மாடி முற்றத்தில் ஒரு துறவியை நாற்காலி போட்டு உட்கார வைத்தது. 2002 ஜூலையில் ஒருநாள் நல்ல வெயில். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்திப் போட்டார். எல்லை மீறல்! பதினொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

2017-ல் அந்த மாடிச் சேப்பலின் கூரையிலிருந்து கல் பெயர்ந்து விழுந்தது. எத்தியோப்பியர்கள் ரிப்பேர் செய்யக்கூடாது என்று காப்டிக். காப்டிக் செய்யக்கூடாது என்று எத்தியோப்பியர். மறுவருஷம் அரசாங்கமே ஆள் அனுப்பியது. வேலையை நிறுத்தச் சொல்லிக் காப்டிக் துறவிகள் வாசலில் உட்கார்ந்தார்கள். போலீஸ் ஒருவரை இழுத்துக்கொண்டு போக, விஷயம் எகிப்திய வெளியுறவுத் துறை வரைக்கும் போனது. கூரை விழுந்ததற்கு யாரும் இவ்வளவு கோபப்படவில்லை.

மாற்றிய பூட்டின் கேஸ்? 1971-லேயே இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: சாவியைக் காப்டிக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். கூடவே, மாடி யாருக்குச் சொந்தம் என்று அரசாங்கம் ஆராய்ந்து முடிவெடுக்கட்டும், அதுவரை அவகாசம் என்றும் சொன்னது. அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி ஆராய்ந்துகொண்டிருக்கிறது. சாவி எத்தியோப்பியர் இடுப்பில் இருக்கிறது.